கறுப்புத் துணி போர்த்திய பூமி

ஒருத்தர் புதிதாகக் கடை திறக்கிறார். லட்சக்கணக்கில் முதல் போட்டுச் சரக்கு இறக்கியிருக்கிறார். வாசலில் சீரியல் லைட், ரிப்பன் வெட்டு எல்லாம் ஆச்சு. முதல் வாடிக்கையாளர் உள்ளே வருகிறார். பார்த்தால், கடை முழுக்கக் கும்மிருட்டு. முதலாளி அவர் கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்து, ‘சரக்கெல்லாம் உள்ளேதான் இருக்கு. நீங்களே தேடி எடுத்துக்குங்க’ என்கிறார்.

உருப்படுமா?

பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் ஆறு மாதத்தில் ஷட்டர் இறங்கிவிடும் என்பார்கள். நானும் அந்த ஜாதிதான். ஆனால் உலகத்தில் ஒரு வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. அதுவும் அமோகமாக. அதன் பெயர் வீடியோ கேம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியிருக்கிறீர்களா? நீங்கள் ஆடாவிட்டாலும் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு பையன் ஆடியிருப்பான். அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் ஆரம்பிக்கும்போது திரையைக் கவனியுங்கள். முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு. நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதில் ஓர் ஊர் மண்டபம், மூன்று குடிமக்கள், ஒரு குதிரைக்காரன். அவ்வளவுதான் உங்கள் சாம்ராஜ்ஜியம். தங்கம் எங்கே? தெரியாது. காடு, ஆறு, எதிரி? எதுவும் தெரியாது. குதிரைக்காரனை விரட்டினால் அவன் போகிற வழியெல்லாம் கறுப்பு விலகி நிலம் தெரியும்.

மலை, ஆறு, மான் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். ஓவியருக்குச் சம்பளம், புரோகிராமருக்குச் சம்பளம், கரண்டு பில். எல்லாம் செலவழித்துவிட்டு எதற்காக மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடுகிறார்கள்?

இதற்குப் பதில் தேடி கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வாசலில் நின்று பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். இருநூறு வருஷம் பின்னால். ஜெர்மனிக்கு.

* * *

முதலில் சதுரங்கம். இந்தியாவில் பிறந்து, பாரசீகம் போய், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போன விளையாட்டு. யானை, குதிரை, காலாள் என்று பெயரெல்லாம் யுத்தம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பலகையில் எல்லாமே இரண்டு பேருக்கும் தெரியும். எதிராளியின் மந்திரி எங்கே, குதிரை எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் மனசில் இருப்பது மட்டும்தான் ரகசியம்.

நிஜ யுத்தம் அப்படியா நடக்கிறது?

1780ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்கிற கணக்கு வாத்தியார் சதுரங்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். 64 கட்டமெல்லாம் போதாது என்று 1617 கட்டம் போட்டார். ஆறு, சதுப்பு நிலம், மலை என்று கட்டங்களுக்கு வண்ணம் அடித்தார். பீரங்கி வைத்தார். பிள்ளைகளுக்குப் போர்க்கலையைச் சொல்லிக்கொடுக்க உதவும் என்பது அவர் கணக்கு. உதவியதுதான். ஆனாலும் பழைய ஓட்டை அடைபடவில்லை. பலகை பெரிசாச்சு. ரகசியம் வரவில்லை.

அடுத்து வருகிறவர்கள் ஓர் அப்பாவும் பிள்ளையும். ரைஸ்விட்ஸ் என்று குடும்பப் பெயர். ஊர், பிரஷ்யா. 1806ல் ஜெனா போர்க்களத்தில் நெப்போலியனிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்ட தேசம். அடிபட்டவன்தான் யோசிப்பான் இல்லையா? அங்கே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ரைஸ்விட்ஸ் பட்டாளத்து ஆசாமி அல்ல, அரசாங்க அதிகாரி. 1812ல் அவர் மகாராஜா மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு விளையாட்டு மேசை செய்துகொடுத்தார். இழுப்பறைகள் வைத்த பெரிய மேசை. உள்ளே மேடு, பள்ளம், ஆறு, கிராமம் என்று வடித்து வண்ணம் பூசிய சதுரத் துண்டுகள். இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி அடுக்கிப் புதுப்புது நிலப்பரப்பு உண்டாக்கலாம். ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அரண்மனையில் ராஜ குடும்பமே உட்கார்ந்து ஆடியது. ஆனால் அத்தனை பெரிய மேசையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. செலவும் எக்கச்சக்கம்.

பிள்ளை ரைஸ்விட்ஸ் பீரங்கிப் படையில் லெஃப்டினென்ட். அவர் மேசையைத் தூக்கி ஓரமாக வைத்தார். நிஜ மேப்பையே எடுத்து விரித்தார். 8000 அடி தூரம் மேப்பில் ஓர் அடி என்கிற கணக்கு. படைகளுக்குச் சிவப்பு, நீலம் என்று சின்னச் சின்னக் கட்டைகள். சேதாரத்தை முடிவு செய்ய தாயக்கட்டை. ஒரு முறை நகர்த்தினால் நிஜத்தில் இரண்டு நிமிஷம் ஓடியதாக அர்த்தம். 1824ல் விதிகளைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பெயர், ‘கிரீக்ஷ்பீல்’. யுத்த விளையாட்டு.

இதெல்லாம் பெரிசில்லை. அவர் செய்த பெரிய காரியம், நடுவில் ஒரு மூன்றாம் ஆளை உட்கார வைத்ததுதான். நடுவர்.

எப்படி ஆடுவது? உங்கள் உத்தரவை ஒரு சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிராளியும் அப்படியே. இரண்டு சீட்டையும் பார்க்கிற ஒரே ஆள் நடுவர்தான். எந்தப் படை எந்தப் படையின் கண்ணில் படும் என்று அவர்தான் முடிவு செய்வார். கண்ணில் படுகிற படைக்கு மட்டும் மேப்பில் கட்டை வைப்பார். மலைக்குப் பின்னால் ஆயிரம் பேர் பதுங்கியிருக்கிறார்களா? மேப்பில் ஒன்றும் இருக்காது. நடுவருடைய குறிப்பில் மட்டும் இருக்கும். ‘இரண்டு குதிரைக்காரர்களை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பார்க்கிறேன்’ என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால், அவர்கள் போகிற நேரம், திரும்புகிற நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, அப்புறம்தான் தகவல் வரும். அதற்குள் எதிரி நகர்ந்திருப்பான். கையில் இருக்கிற தகவல் பழசாகியிருக்கும்.

புரிகிறதா? உங்கள் வீட்டுப் பையனின் திரையில் இருக்கிற அந்தக் கறுப்புத் துணியை முதலில் நெய்தவர் இவர்தான்.

ராணுவத் தலைமை அதிகாரி முஃப்ளிங் என்பவருக்கு ஆடிக் காட்ட ஏற்பாடு ஆயிற்று. ‘என்னத்த விளையாட்டு’ என்கிற முகத்தோடுதான் அவர் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் போகப் போக முகம் மாறியது. இது வெறும் விளையாட்டே இல்லை, யுத்தத்துக்கான பள்ளிக்கூடம் என்று கடைசியில் அவரே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ராணுவப் பத்திரிகையில் சிபாரிசு செய்து எழுதினார். ரெஜிமென்ட்டுகளுக்கெல்லாம் இந்த விளையாட்டு போய்ச் சேர்ந்தது.

அப்புறம்? பிள்ளை ரைஸ்விட்ஸ் எங்கேயோ உயரத்துக்குப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பெர்லினிலிருந்து டோர்காவ் என்கிற கோட்டை ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதை ஒரு தண்டனையாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மனசு உடைந்து போனது. 1827ல் தற்கொலை செய்துகொண்டார். முப்பத்தைந்து வயதைக்கூடத் தொடவில்லை. எதிரி எங்கே ஒளிந்திருப்பான் என்று ஒரு ராணுவத்துக்கே கற்றுக்கொடுத்த மனிதர், தன் சொந்த ஆபீஸில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அவர் விளையாட்டு சாகவில்லை. பெர்லினில் இளம் அதிகாரிகள் அதற்கென்று ஒரு சங்கமே வைத்து ஆடினார்கள். அப்படி ஆடியவர்களில் ஒருவர் பெயர் ஹெல்முட் ஃபான் மோல்ட்கே. 1857ல் அவர் பிரஷ்ய ராணுவத் தலைமை அலுவலகத்தின் பொறுப்புக்கு வந்தார். 1866ல் ஆஸ்திரியாவை அடித்தார்கள். 1870ல் ஆரம்பித்து 1871க்குள் பிரான்ஸைச் சாய்த்தார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. இவர்கள் ஜெயிக்கிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்? எட்டிப் பார்த்தால், மேப்பை விரித்து வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்! இங்கிலாந்து, அமெரிக்கா என்று எல்லா ராணுவங்களும் அதற்கப்புறம் கிரீக்ஷ்பீல் பின்னால் ஓட ஆரம்பித்தன.

* * *

இங்கே இன்னொருத்தரையும் சொல்லியாக வேண்டும். கார்ல் ஃபான் கிளாஸ்விட்ஸ். அதே பிரஷ்யா, அதே காலம். 1831ல் காலராவில் செத்துப் போனார். மேசை டிராயரில் அவர் எழுதி வைத்திருந்த காகிதங்களைத் தொகுத்து, அவர் மனைவி மேரி மறுவருஷம் புத்தகமாகக் கொண்டுவர ஆரம்பித்தார். யுத்தத்தைப் பற்றி இன்றைக்கும் ராணுவக் கல்லூரிகளில் படிக்கிற புத்தகம். அதில் ஒரு விஷயம் சொல்கிறார். யுத்தத்தில் எதை நம்பிக் காரியத்தில் இறங்குகிறோமோ, அதில் முக்கால் பங்கு நிச்சயமில்லாத ஒரு மூட்டத்துக்குள்தான் கிடக்கிறது.

முக்கால் பங்கு! மிச்சக் கால் பங்கை வைத்துக்கொண்டுதான் தளபதி பிழைப்பு நடத்த வேண்டும்.

இந்த மூட்டம் என்கிற வார்த்தைதான் பிறகு ஆங்கிலத்தில் ‘ஃபாக் ஆஃப் வார்’ ஆயிற்று. போர் மூட்டம். 1896ல் லான்ஸ்டேல் ஹேல் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அதே தலைப்பில் ஓர் உரையே நிகழ்த்தியிருக்கிறார். இன்றைக்கு கேம் செய்கிறவர்கள் அந்தக் கறுப்புத் துணியைக் குறிப்பிடுவதும் இதே வார்த்தையால்தான்.

சதுரங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1899ல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்கிற பத்திரிகையாளர் (நம்ம ஆள்!) லண்டனில் ஒரு புதுமாதிரி செஸ் கண்டுபிடித்தார். மூன்று பலகை. உங்களிடம் ஒன்று, எதிராளியிடம் ஒன்று, நடுவரிடம் ஒன்று. உங்கள் பலகையில் உங்கள் காய்கள் மட்டும்தான் தெரியும். நகர்த்திப் பார்க்க வேண்டியது. முடியாத நகர்த்தல் என்றால் நடுவர் ‘கூடாது’ என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்து எதிராளி எங்கே நிற்கிறான் என்று ஊகிக்க வேண்டும். அமெரிக்காவில் ராண்ட் என்கிற ஆராய்ச்சி நிறுவனத்தின் கணித மேதைகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

* * *

சரி, இதெல்லாம் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. நிஜமாகவே இந்த ஒளித்து வைக்கிற விளையாட்டால் யாருக்காவது உயிர் பிழைத்ததா?

பிழைத்தது. 1942ம் வருஷத்து லிவர்பூலுக்கு வாருங்கள்.

இரண்டாம் உலகப் போர். பிரிட்டன் ஒரு தீவு. சாப்பாடு, பெட்ரோல், குண்டு எல்லாம் அட்லாண்டிக் கடலைக் கடந்து கப்பலில்தான் வர வேண்டும். ஹிட்லரின் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை ராத்திரி ராத்திரி வேட்டையாடிக்கொண்டிருந்தன. அந்த யுத்தத்தில் தன்னை நிஜமாக பயமுறுத்திய ஒரே விஷயம் இந்த நீர்மூழ்கி ஆபத்துதான் என்று சர்ச்சில் பிற்பாடு எழுதினார்.

கில்பர்ட் ராபர்ட்ஸ் என்றொரு கடற்படை அதிகாரி. காசநோய் வந்து 1938லேயே வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவரைக் கூப்பிட்டு, ‘கடலில் என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடி’ என்றார்கள். லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்கிற கட்டடத்தின் மேல்மாடியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். உதவிக்கு, கடற்படையின் பெண்கள் பிரிவிலிருந்து சில இளம் பெண்கள். பலருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். அநேகம் பேர் கப்பலில் கால் வைத்தவர்களே அல்ல.

ராபர்ட்ஸ் என்ன செய்தார்? பெரிய ஹாலின் தரை முழுவதையும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கடலாக்கினார். பத்து அங்குலம் என்றால் ஒரு கடல் மைல். சுற்றிலும் கித்தான் துணித் திரைகள். திரைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள். பயிற்சிக்கு வருகிற கப்பல் கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று, அந்த ஓட்டை வழியாகத்தான் ‘கடலை’ப் பார்க்கலாம். அதாவது, நிஜக் கடலில் ராத்திரியில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு.

தரையில் அந்தப் பெண்கள் சாக்பீஸால் கப்பல்களின் பாதையை வரைந்துகொண்டே போவார்கள். பாதுகாப்புக் கப்பல்களுக்கு வெள்ளை சாக்பீஸ். நீர்மூழ்கிகளுக்குப் பச்சை. ஏன் பச்சை தெரியுமா? அந்தத் தரையின் நிறத்தில், ஓட்டை வழியாகச் சாய்வாகப் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தப் பச்சை தெரியாது! ஒரு பச்சை சாக்பீஸும் நாலு கித்தான் துணியும். ‘ஃபாக் ஆஃப் வார்’ ரெடி.

இரண்டு நிமிஷத்துக்குள் யோசித்து உத்தரவை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் திரையை விலக்கிக் காட்டுவார்கள். அப்போதுதான் கேப்டனுக்குத் தெரியும், பச்சைக் கோடு தன் மூக்குக்குக் கீழே ஓடியிருக்கிறது என்று.

பழைய போர் அறிக்கைகளை அந்தத் தரையில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்ததில் ராபர்ட்ஸுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. எல்லோரும், நீர்மூழ்கி வெளியே தூரத்தில் நின்று சுடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். டார்ப்பிடோ பட்டதும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கமாக ஓடித் தேடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது உதைக்கிறது. நீர்மூழ்கி ராத்திரி இருட்டில் பின்பக்கமாகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வந்து, கப்பல் கூட்டத்துக்கு நடுவிலேயே புகுந்து, சுட்டுவிட்டு முழுகிவிடுகிறது! திருடன் கல்யாணப் பந்திக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். போலீஸ் தெருக்கோடியில் தேடுகிறது.

பதிலடிக்கு ஒரு திட்டம் தயாரானது. டார்ப்பிடோ வெடித்தால் வெளியே ஓடாதே. கூட்டத்தின் பின்பக்கத்துக்கு வா. வரிசையாக நின்று ஒலிக்கருவியால் சலித்துத் தேடு. இதற்கு ‘ராஸ்பெர்ரி’ என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்கிற பெண். ராஸ்பெர்ரி என்றால் பழம் மட்டுமல்ல. உதட்டைக் குவித்து ‘புர்ர்ர்’ என்று பழிப்புக் காட்டுவதற்கும் ஆங்கிலேயர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஹிட்லருக்கு ஒரு புர்ர்ர்.

அந்த வருஷ நவம்பரில் மாக்ஸ் ஹார்ட்டன் என்கிற அட்மிரல் பொறுப்புக்கு வந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கேப்டனாகக் கலக்கியவர். ‘நான் நீர்மூழ்கி. யார் என்னைப் பிடிக்கிறீர்கள் பார்க்கலாம்’ என்று தரையில் இறங்கினார். ஐந்து தடவை ஆடினார். ஐந்து தடவையும் பிடிபட்டார். திரைக்குப் பின்னால் இருந்து பிடித்தவர் ஜேனட் ஓக்கல் என்கிற இளம்பெண். அட்மிரலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதற்கப்புறம் அவர் அந்த மேல்மாடியை அலட்சியமாக நினைக்கவில்லை.

யுத்தம் முடிவதற்குள் சுமார் 5000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி எடுத்திருந்தார்கள். 1943 மே மாதம் ஒரே மாதத்தில் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அந்த மாதக் கடைசியில் அவர்களுடைய தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் நீர்மூழ்கிகளைப் பின்வாங்கச் சொன்னார். ரேடார், நெடுந்தூர விமானங்கள், உடைக்கப்பட்ட ரகசியக் குறியீடுகள் என்று அந்த வெற்றிக்குப் பல பங்குதாரர்கள் உண்டு. பச்சை சாக்பீஸுக்கும் அதில் ஒரு ஷேர் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே வருஷம் நடந்திருக்கிறது. 1942 மே மாதம், ஜப்பானின் ‘யமாட்டோ’ கப்பலில் மிட்வே தீவுத் தாக்குதலை ஒத்திகை ஆடிப் பார்த்தார்கள். ஒத்திகையில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் ஒன்பது குண்டு பட்டதாகத் தாயக்கட்டை சொன்னது. இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் காலி. தலைமை நடுவராக இருந்த உகாகி, ‘ஒன்பதெல்லாம் கிடையாது, மூன்றுதான்’ என்று தீர்ப்பை மாற்றினார். ஒரு கப்பல் பிழைத்தது. முழுகிய இன்னொரு கப்பலும் அடுத்த ஆட்டத்தில் உயிரோடு திரும்பி வந்தது! ஜப்பானிய விமானப்படைத் தளபதி ஃபுச்சிடா பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து, ஜூன் 4ம் தேதி, நிஜ மிட்வேயில், அமெரிக்கக் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று சரியான நேரத்தில் தெரியாமல் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களைப் பறிகொடுத்தது. நிஜக் கடலில் நடுவரைப் பார்த்துக் கண் சிமிட்ட முடியாதே.

ஆட்டத்தில் எதிரியை மறைத்து வைப்பது வேறு. நம் கண்ணை நாமே மூடிக்கொள்வது வேறு. லிவர்பூல் முதலாவதைச் செய்தது. யமாட்டோ இரண்டாவதைச் செய்தது.

* * *

இந்த விளையாட்டில் ஒரே ஒரு பிரச்னைதான். நடுவர். இரண்டு பேர் ஆடுவதற்கு, நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் மாரடிக்க மூன்றாவதாக ஒருத்தர் வேண்டும். அவர் நேர்மையானவராகவும் இருக்க வேண்டும். எங்கே போவது?

வந்தது கம்ப்யூட்டர். அலுக்காது, தூங்காது, கண் சிமிட்டாது.

1977ல் அமெரிக்காவின் கால்டெக் கல்லூரியில் வால்டர் பிரைட் என்கிற மாணவர் ‘எம்பயர்’ என்றொரு விளையாட்டை எழுதினார். பிடிபி-10 என்கிற பெரிய சைஸ் கம்ப்யூட்டர். படமெல்லாம் கிடையாது, எழுத்துகள்தான். ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரே ஒரு ஊர். மிச்ச உலகம் தெரியாது. கப்பல், விமானம் செய்து அனுப்பி அனுப்பித்தான் தீவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ரைஸ்விட்ஸின் நடுவர், இயந்திரமாக மறுபிறவி எடுத்துவிட்டார். இந்த ‘எம்பயர்’ ஆட்டத்தின் பாதிப்பில்தான் 1991ல் சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து ‘சிவிலைசேஷன்’ செய்தார்கள். அதே ஷெல்லி பிறகு டல்லாஸ் போய், 1997ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ உருவாக்கியவர்களில் ஒருவரானார். வம்சாவளி புரிகிறதா? பெர்லினில் ஆரம்பித்த நூல் அறுந்து போகவே இல்லை.

நடுவில் இரண்டு பெயர்களைச் சொல்லாவிட்டால் கேம் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒன்று, 1992ல் வந்த ‘டியூன் 2’. கறுப்பு விலகிவிட்டால் விலகியதுதான். ஒரு தடவை பார்த்த இடம் கடைசி வரைக்கும் தெரியும். இன்னொன்று, 1995ல் வந்த ‘வார்கிராஃப்ட் 2’. இதில் மூன்று நிலை. பார்க்காத இடம் கறுப்பு. இப்போது உங்கள் ஆள் நிற்கிற இடம் வெளிச்சம். முன்பு பார்த்துவிட்டு வந்த இடம்? சாம்பல் நிறம். மலையும் மரமும் தெரியும். ஆனால் இப்போது அங்கே யார் நடமாடுகிறார்கள் என்பது தெரியாது.

எனக்கு மூன்றாவதுதான் பிரமாதமாகப் படுகிறது. கறுப்பு என்பது அறியாமை. அதில் அபாயம் குறைவு. தெரியாது என்பதாவது நமக்குத் தெரியும். சாம்பல் என்பது பழைய தகவல். பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஊரைப் பற்றி, நேற்றுப் பார்த்தது மாதிரி பேசுகிறோமே, அது. போன வருஷத்து பாலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு இந்த வருஷம் கடன் கொடுப்பது மாதிரி. மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் சாம்பலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த மூட்டத்தால் பார்வைக்கு ஒரு விலை வந்துவிட்டது. வேவு பார்க்கப் போகிற குதிரைக்காரன் சண்டை போட மாட்டான், மரம் வெட்ட மாட்டான். வெட்டிச் செலவு மாதிரி தெரியும். ஆனால் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ஆட்டத்தில் அவனை நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே மேய்கிற ஆடுகள் கண்ணில் படாது. வேறொருத்தன் வந்து ஓட்டிக்கொண்டு போவான். 1998ல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’டில் இன்னும் மோசம். பள்ளத்தில் நிற்கிறவனுக்கு மேட்டில் நிற்கிறவன் தெரியமாட்டான். மேட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். நிலத்தைப் பிடிப்பது போய், பார்வையைப் பிடிப்பதே யுத்தமாகிவிட்டது.

விலை என்று ஒன்று வந்தால், திருட்டும் வரும்தானே?

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ செய்தவர்களே தனியாக ஆடுகிறவர்களுக்கு இரண்டு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ‘மார்கோ’ என்று டைப் அடித்தால் கறுப்பு முழுக்க விலகும். ‘போலோ’ என்று அடித்தால் சாம்பல் விலகும். உலகம் சுற்றியவர் பெயரையே உலகம் சுற்றாமல் இருப்பதற்கு வைத்தார்கள், குறும்பு. ஆனால் இன்டர்நெட்டில் இன்னொரு மனிதனோடு ஆடும்போது இது செல்லாது. அங்கேதான் ‘மேப் ஹேக்’ என்கிற திருட்டு சாஃப்ட்வேர்கள் வந்தன. எப்படி முடிகிறது? இந்த மாதிரி விளையாட்டுகளில் பலவற்றில் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் மொத்த ஆட்டமும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரியின் படை எங்கே இருக்கிறது என்பது உங்கள் மெஷினுக்கு ஏற்கெனவே தெரியும். உங்களுக்குக் காட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். துணியைக் கிழித்தால் வேலை முடிந்தது. நடுவர் உங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறார் என்றால், அவரை மடக்குவது கஷ்டமா?

மடக்கியவர்களுக்கு ஜெயிப்பது சுலபமாகிவிடும். சந்தேகமில்லை. ஆனால் ‘மார்கோ’ அடித்து ஆடிய எந்தப் பையனையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் போரடித்துவிடும். தங்கம் அங்கே இருக்கிறது, எதிரி இங்கே இருக்கிறான். போய் எடு, போய் அடி. அது விளையாட்டில்லை. ரேஷன் கடை க்யூ.

* * *

இங்கேதான் கதை யுத்தத்தைவிட்டு விலகி வேறு பக்கம் திரும்புகிறது.

ஜப்பானில் சோனோபே என்கிற சின்ன ஊரில் ஷிகெரு மியாமோட்டோ என்றொரு பையன் வளர்ந்தான். மலை, வயல், ஓடை என்று சுற்றித் திரிகிறவன். ஒருநாள் ஒரு குகையைக் கண்டான். பயம். அப்புறம் விளக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அந்தப் பையன்தான் பிறகு நின்டெண்டோ கம்பெனியில் சேர்ந்து, 1986ல் ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ செய்தார். சிறுவயதில் தான் அனுபவித்த அந்தக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தைத்தான் அதில் வைத்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிரஷ்யக்காரர்கள் பயத்துக்காக மூடினார்கள். மியாமோட்டோ ஆசைக்காக மூடினார். துணி ஒன்றுதான்.

ஆனால் மூடுவதிலும் ஒரு கணக்கு வேண்டும். முழுக்க மூடினால் ஜனங்கள் திசை தெரியாமல் எழுந்து போய்விடுவார்கள். 2007ல் வந்த ‘அசாசின்ஸ் க்ரீட்’டில் ஓர் உபாயம் செய்தார்கள். உயரமான கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டார மேப் திறக்கும். நல்ல ஐடியா. பலரும் காப்பியடித்தார்கள். போகப் போக என்ன ஆயிற்று என்றால், கோபுரம் ஏறியதுமே மேப் முழுக்க ஐகான்கள் கொப்புளம் மாதிரி கிளம்பின. இங்கே பெட்டி, அங்கே சண்டை. ஆடுகிறவன் ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஐகானைத் துரத்தினான்.

2017ல் வந்த ‘ஜெல்டா’வின் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ பாகத்திலும் கோபுரம் உண்டு. ஏறினால் மேப்பும் திறக்கும். ஆனால் அதில் மலையும் ஆறும் மட்டும்தான் இருக்கும். எங்கே என்ன விசேஷம் என்று அது சொல்லாது. கோபுர உச்சியில் நின்று நாலாபக்கமும் நீங்களே பார்க்க வேண்டும். ‘அதோ, அங்கே ஏதோ புகைகிறதே’ என்று தோன்றினால், நீங்களே மேப்பில் ஒரு அடையாளம் குத்திக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். கோபுரம் விடை தருவதில்லை. கேள்விதான் தருகிறது.

ஆக, ஆரம்பத்தில் சொன்ன அந்த இருட்டுக் கடைக்காரர் பைத்தியக்காரர் இல்லை. அவர் விற்கிற சரக்கு மலையோ ஆறோ தங்கச் சுரங்கமோ அல்ல. ‘அந்தப் பக்கம் என்ன இருக்கு?’ என்கிற கேள்வியைத்தான் விற்கிறார். அந்தச் சரக்கு வெளிச்சத்தில் கெட்டுப் போய்விடும்.

போகிற இடத்துக்கு வழி, அங்கே டிபன் எப்படி இருக்கும், போனவர்கள் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பதுவரை புறப்படுவதற்கு முன்பே செல்போனில் தெரிந்துவிடுகிற காலம் இது. ‘மார்கோ’, ‘போலோ’ இரண்டையும் அடித்துவிட்டுத்தான் வாசல்படியே இறங்குகிறோம். அதே ஜனங்கள்தான் சாயந்திரம் வீட்டுக்கு வந்து, காசு கொடுத்து ஓர் இருட்டு மேப்பை வாங்கி, குதிரைக்காரனை அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை உங்கள் பையன் அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, ‘எப்பப் பாரு கேம்’ என்று திட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். குதிரைக்காரன் எந்தப் பக்கம் போகிறான் என்று பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துகொள்ளத் தோன்றும். திட்டு எங்கே போய்விடப் போகிறது? அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.